நாற்பது பவுன்

செட்டியார் தெருவில் மத்தியானம்.
கரண்ட் போய் வந்த நேரம்.
நயீமுதீன் லன்ச் ஷீற்றில் சுற்றிக் கொண்டுவந்ததை
முகப்புக் கண்ணாடிமேல் வைத்துப் பிரித்தான்.
நெத்தலி வாசத்தோடு ஒரு டெரிஞ்சர்.

உள்ளங்கைக்குள் அடங்குகிறது.
ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு குழல்.
சிப்பிப் பிடி, அதில் மயிரிழைக் கீறல்.
எனக்குத் தெரிந்த மதிப்பீடு ஒன்றுதான்:
தராசில் வைத்தேன்.
முந்நூற்று இருபது கிராம்.
நாற்பது பவுன்.
ஒரு நல்ல கலியாணம்.

"லைசன்?"
கேட்காதவன்போல் மின்விசிறியைப் பார்த்தான்.
"குறிமுள் எங்கே?"
"கிட்டத்துக்கு என்னத்துக்கு முதலாளி குறி?"
கிட்டமென்றால் எவ்வளவு?
இருந்தபடியே கையை நீட்டினான்.
விரல் என் சட்டைப் பொத்தானில் முட்டியது.
"இவ்வளவு. மிஞ்சினால் இன்னும் கொஞ்சம்."

போன மாதம் வந்தவன்
ஹெல்மட்டைக் கழற்றவேயில்லை.
மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல்
கிருபைராசா கடைக் கண்ணாடியை நொறுக்கினான்.
பொலிஸ் சோக்கால் கீறி அளந்தது:
பதினெட்டு அடி.

லாச்சியிலிருந்து அடிமட்டம் எடுத்தேன்.
என் முகப்பின் அகலம் இரண்டேகால்.
இதற்குள் யார் வருகிறார்கள்?
மூக்குத்தித் திருகாணி கழன்ற டீச்சர்.
கொடியை அடகுக்கு வைக்கையில்
முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொள்ளும் ஒருத்தி.
மோதிரம் இறங்காமல்
சவர்க்காரம் கேட்கும் மாப்பிள்ளை.
தேத்தண்ணிப் பிளாஸ்கும் பழைய கோபமுமாய் சுகிர்தா.
பிறகு, பத்தர் புவனேந்திரன்.
இருபத்திரண்டு வருஷம்
என் மூச்சுப்படும் தூரத்தில் ஊதுகிறவன்.
கிழமைக்குக் கிழமை
அவன் கூட்டி அள்ளும் பொடியில் ஒரு கடுகளவு குறையும்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியுமென்று அவனுக்கும் தெரியும்.

அவனே வாங்கிப் பார்த்தான், ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு.
நகத்தால் சுரண்டினான்.
"மேலே நிக்கல். உள்ளே இரும்புதான், வேறென்ன."
சுத்தியலைப் பின்னுக்கிழுத்தான்.
விசையை அமத்த ஒரு விரல் போதாமல்
இரண்டாவது விரலும் வந்தது.
டக்.
வெறுங்குழல்தான்.
ஆனாலும் நாங்கள் மூன்று பேரும்
கொஞ்ச நேரம் எதுவும் கதைக்கவில்லை.
வெளியே ஒரு நாட்டாமை
"வழி, வழி" என்று வண்டில் தள்ளிப் போனான்.

"எவ்வளவு தருவீங்க?"
"உருக்கினால் ஒன்றும் தேறாது.
சிப்பிக்கு வேண்டுமானால் நூற்றைம்பது ரூபா."
நயீமுதீன் சிரித்து, மறுபடி சுற்றினான்,
சோற்றுப் பார்சல்போலவே,
ஓரங்களை ஒழுங்காய் மடித்து.

பின்னேரம்
விளக்குகளைப் போட்டபோது கண்டேன்:
புவனேந்திரன் தன் பலகையைப் பின்தள்ளி
சுவரோடு ஒட்டி இருந்து ஊதிக்கொண்டிருந்தான்.
நான் அளக்கவில்லை.
மூன்றடி இருக்கும்.