வெங்காயச் சாக்கு

வண்டி என் பேரில் இருப்பதால்
மட்டைகளும் என் பொறுப்பில்.
இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்துச் சன்னி.
டிக்கியை இரண்டு முறை அறைந்தால் பூட்டிக்கொள்ளும்,
மூன்றாவது முறை அறைந்தால் திறந்துகொள்ளும்.
இது எனக்கும் ஜெர்வினுக்கும் மட்டுமே தெரியும்
என்று நினைத்திருந்தோம்.

ஃபஹாஹீலில் கடலுக்கு இரண்டு தெரு முன்னால்
விளக்கில்லாத மணல்திடலில்தான்
எங்கள் கட்டடத்து வண்டிகள் எல்லாம் தூங்கும்.
போன குளிரில் பிரதீபன் காரின்
முக்கோணக் கண்ணாடியைத் தட்டி
தூண்டில் கழி நாலையும் கொண்டுபோனார்கள்.
சின்னக் கண்ணாடிதானே என்று ஷுவைக் போனால்
பெரியதைவிடச் சின்னதற்குத்தான் விலை அதிகம் என்றார்
பழைய சாமான் கடைக்காரர், சிரித்துக்கொண்டே.

அன்றிலிருந்து கள்ளனாக யோசிக்கப் பழகினேன்.
வெளியே நின்று, கையைக் கண்ணுக்குமேல் கவிழ்த்து
என் வண்டிக்குள் நானே எட்டிப் பார்ப்பேன்.
பின்சீட்டில் ஒற்றைக் கையுறை கிடந்தால்
மீதி உடம்பு டிக்கியில் இருக்கிறதென்று அர்த்தம்.
அணியின் பேர் போட்ட ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன்.
பசை போகவில்லை,
பசையிலும் எங்கள் பேரைப் படிக்க முடிகிறது.

திடலில் நிறுத்தியபிறகு டிக்கியைத் திறக்கக் கூடாது,
வேறெங்காவது வைத்தே அடுக்கி மூடிவிட வேண்டும்,
எந்த பால்கனியில் எந்தக் கண்ணோ.
இதைச் சொன்னால் இருதயராஜ்
"பேங்க் லாக்கரா நடத்துற?" என்பான்.
அவன் மட்டை முப்பத்தெட்டு தினார்.
ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகளுக்கு நடுவே
கணக்கில் வராத ஒரே செலவு.
வீட்டில் கேட்டபோது ஷூ என்று சொல்லியிருக்கிறான்.

முதலில் கறுப்புப் போர்வை போட்டேன்.
உள்ளே ஏதோ இருக்கிறது என்று
ஊருக்கே கத்தியது போர்வை.
அப்புறம்தான் வெங்காயம் வந்த சணல் சாக்குகள்.
மட்டையும் பேடும் அதற்குள்.
மேலே, சகாயம் லீவு முடிந்து கொண்டுவந்த
நெத்திலிக் கருவாட்டுப் பெட்டி.
யாரும் தொட மாட்டான் என்றான் ஜெர்வின்.
எங்களுக்கே தொடக் கூசியது.
பந்தைத் தேய்த்த பேண்ட்டில் எல்லாம் அந்த வாசம்.
தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தோம்,
கீப்பர் பக்கத்தில் எவனும் நின்று ஆடவில்லை.

ஒரு புதன் இரவு வந்திருக்கிறார்கள்.
காலையில் ஹாரிஸ் கதவைத் தட்டினான்.
லுங்கியோடு ஓடினோம்.
டிக்கி ஆவென்று கிடக்கிறது.
மட்டை ஐந்தும் இருக்கிறது.
பேடு, ஹெல்மெட், ஸ்டம்பு, புதுப் பந்து இரண்டு,
எல்லாம் இருக்கிறது.
கருவாட்டுப் பெட்டியை மட்டும் காணோம்.

சிரித்துச் சிரித்து ஜெர்வின் மணலில் உட்கார்ந்துவிட்டான்.
மக்ஃபருக்குப் போனால் என்ன எழுதித் தருவது?
கருவாட்டுக்கு அரபியில் என்ன சொல்?

சகாயம்தான் சாக்கைக் காட்டினான்.
வாய்க்கட்டு அவிழ்ந்திருந்தது.
வெங்காயம் என்று நம்பிக் கைவிட்டிருக்கிறான்.
அடிவரை துழாவியிருக்கிறான்.
இருதயராஜின் முப்பத்தெட்டு தினாரைப் பிடித்துப் பார்த்து
விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல முடியாது.
இருதயராஜ் இன்னும் சிரிக்கிறான்.

புதுப் பூட்டு மாட்டினேன், ஒன்பது தினார்.
ஒரே அறையில் மூடிக்கொள்கிறது.
ஜூனில் டிக்கிக்குள் வெயில் புகுந்து
இரண்டு மட்டைகளின் முகத்தைப் பிளந்தது.
வெயிலுக்குப் பூட்டு விற்பவர் யாருமில்லை.
மீதியை மாடிக்குத் தூக்கிவந்து
என் கட்டிலுக்கடியில் போட்டிருக்கிறேன்.
இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் தவசி
தினமும் தடுக்கி விழுந்து
தினமும் ஒரு புதிய கெட்ட வார்த்தை.

சாக்கு மட்டும் இன்னும் வண்டியில்.
சில வாரம் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கி
மேலே எடுத்துப்போக மறந்துவிடுகிறேன்.
யாரும் எடுத்தபாடில்லை.
அவிந்து, நீர் கசிந்து, நாறுகிறது டிக்கி.

நல்ல பூட்டு அது.