இரண்டு நிமிடம்

ஆறு பன்னிரண்டு என்கிறது பலகை.
போகுமிவா ஓட்டினால் ஆறு பதினான்கு.
வூட்ச் நகரத்தின் இந்த நிறுத்தத்தில்
அந்தப் பதினான்கை நம்பித்தான்
பூட்ஸ் மாட்டுவோம்.

இரண்டு நிமிடம் எங்கே போகிறதென்று
எல்லோருக்கும் தெரியும்:
பேக்கரிச் சந்திலிருந்து
பொத்தான் போட்டுக்கொண்டே ஓடிவரும்
தெக்லாவுக்கு.
கதவைத் திறந்தே வைத்திருப்பாள்.
"வழுக்கும், மெதுவா வா" என்பாள்,
அவளுக்குக் கேட்காதென்று தெரிந்தும்.

நவம்பரில் கம்பெனி ஒரு கருவி பொருத்தியது.
தாமதிக்கும் நிமிடத்துக்கெல்லாம்
சம்பளத்தில் ஒரு கடி.

இப்போது பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு.
வணக்கம் சொன்னால்
வைப்பர்தான் பதில் சொல்கிறது.
ஒவ்வொரு பிரேக்குக்கும்
முட்டை கொண்டுபோகும் கிழவர்
அட்டையை நெஞ்சோடு அணைக்கிறார்.

நேற்று தெக்லா கதவைத் தட்டினாள்.
மாவு அப்பிய உள்ளங்கை கண்ணாடியில்
முழுதாகப் பதிந்தது.
பேருந்து நகர்ந்தது.
போகுமிவா கண்ணாடியைப் பார்க்கவில்லை.
நானும் எழுந்திருக்கவில்லை,
ஜன்னலோர இடம்.

முதன்முறையாக அலுவலகத்துக்கு
முன்னதாகப் போய்ச் சேர்ந்தேன்.
விளக்கு போட ஆள் வரவில்லை.
இருட்டில், கோட்டைக் கழற்றாமல்,
நின்றுகொண்டிருந்தேன்
இரண்டு நிமிடம்.