இரண்டு காற்று

கச்சான் என்று ஒரு சொல் அனுப்பினால் போதும்.
அப்படித்தான் லாபீரோடு பேச்சு.
கிண்ணியா பஸ்ஸில் கொண்டக்டர்,
என்னைவிட நாலு வருஷம் முந்தி நிறுத்தினவன்.
ஆஸ்பத்திரிப் பின்கட்டில் புதன்கிழமைகளில்
பிளாஸ்டிக் கதிரைகளை வட்டமாக இழுத்துப் போடுவோம்;
அங்கேதான் கேட்டான்:
"வரக்குள்ள எப்பிடி வரும், உனக்கு?"

கரையில் நிற்கிற படகை
ஒருத்தரும் தொடாமலே
வெளிக்கடலுக்குத் தள்ளுமே ஒரு காற்று, அப்படி, என்றேன்.
"அப்ப கச்சான், மச்சான்" என்றான்.
சிரித்தோம். பெயர் வைத்தாயிற்று.

அதற்குப் பிறகு பின்னேரம் ஐந்தரை,
எஞ்சின் கிறீஸ் இன்னும் நகத்துக்குள் இருக்க,
திருக்கடலூர்க் கரையிலிருந்து அனுப்புவேன்.
கடைசி ட்ரிப் முடித்து அவன் எடுப்பான்.
புத்தி சொல்ல மாட்டான்.
ஆட்டுக்குட்டியோடு ஏறின மனுசி
அதற்கு அரை டிக்கெட் கேட்டுச் சண்டை பிடித்தது,
பஸ் நிலையத்தில் ஒரு புள்ளிமான்
சொப்பிங் பையைத் தின்றது,
மீதிப் பையை அவன் அதன் வாயிலிருந்து இழுத்து எடுத்தது.
இருபது நிமிசம்.
இந்தக் காற்றுக்கு இருபது நிமிசம்தான் ஆயுள் என்று
அவன் சொல்லவில்லை.
மணிக்கூடு பார்த்து நான் பிடித்தேன்.

அறுபத்தோராம் நாள்
போனை மேசையில் விட்டுக் குளிக்கப் போனேன்.
வந்து பார்த்தால் யோகமலர்
ஒரு சுருள் வறுத்த கச்சானைத்
தட்டில் கொட்டி வைத்திருக்கிறாள், சூட்டோடு.
"ஆருக்கோ ஆசையாய் எழுதியிருக்கிறீங்கள்.
எனக்குச் சொன்னால் என்ன?"

உப்பும் கருகின தோலும்.
அந்த வாசம் என்னை
நேரே தவறணை மேசையில் கொண்டுபோய் இருத்தியது.
நாக்கின் அடியில் ஊறியது.
என் கை நடுங்கினதை அவள் கண்டாள்.
கண்டதை நான் கண்டேன்.
பழைய ஆள் என்றால்
கடைக்குப் போட்டு வாறன் என்றிருப்பான்.
அந்த வசனம் வாய்க்குள் தயாராக நின்றது,
செருப்புக்கூடப் போட்டுக்கொண்டு.

தட்டை வெளியில் வை, என்றேன்.
வந்து இரு.
பிறகு சொன்னேன்: சொல் எது, காற்று எது,
எத்தனை தரம் அனுப்பினேன்,
அவளுக்கு ஏன் சொல்லவில்லை.
கடைசிக்கு என்னிடம் மறுமொழி இல்லை.
அரிசி வாளிக்குள் போத்தல் ஒளித்த கைதான்
இந்தச் சொல்லையும் ஒளித்ததோ தெரியாது.

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை.
"அப்ப எனக்கும் ஒரு சொல் வேணும்."

எதற்கு?

"நீங்கள் ஆறரைக்கு வராட்டி
என்ரை வயித்துக்குள்ளை ஒண்டு அடிக்கும்.
கதவு திறந்தால் மூக்குத்தான் முந்தும்,
பிறகுதான் முகம்.
பதினொரு வருஷமாய் உங்களை நான் பாக்கேல்லை.
மணந்துதான் பாத்தனான்."

வாடை என்று அவளே வைத்தாள்.
மணத்துக்கா, மார்கழிக் காற்றுக்கா என்று
நான் கேட்கவில்லை.

இப்போது ஆளுக்கொரு காற்று.
சில நாள் அவளிடமிருந்து வரும்: வாடை.
குடிக்கேல்லை என்று சத்தியம் பண்ணுவதில்லை.
சத்தியங்களைப் பாவித்து முடித்துவிட்டேன்.
எங்கே நிற்கிறேன் என்று மட்டும் சொல்லுவேன்.
துறைமுகத்தில் கப்பல் ஊதினால்
போனைத் தூக்கிப் பிடித்து அவளைக் கேட்க விடுவேன்.
சில நாள் அது காணும்.
சில நாள் காணாது; வந்து வாசலில் நிற்பாள்,
நான் கிட்டப் போய் மூச்சு விடுவேன்.
வெட்கம்தான். இருவருக்கும்.

நேற்று இரவு பதினொன்றே முக்காலுக்கு
லாபீரிடமிருந்து ஒரு சொல்.
கச்சான்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகுமா?
யோகமலர் எழும்பி லைட்டைப் போட்டாள்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.
எடுத்து,
காலையில் கழற்றிப் போட்ட எஞ்சினைப் பற்றித் தொடங்கினேன்:
பிஸ்டன் இறுகிவிட்டது,
உப்புத் தண்ணி ஏறியிருக்கு,
படகுக்காரன் என்னில் பழி போடுகிறான்.

அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
கனநேரம் மூச்சு மட்டும்.
பிறகு,
"எத்தினை குதிரை?" என்றான்.