பதினோராம் நம்பர் ஓடை

என் பஞ்சர் கடைக்கு அடியில்தான் ஓடுகிறது.
மேலே சிமென்ட் பலகை. அதனால் பெயர் கிடையாது,
நாகர்கோவில் மாநகராட்சிக் கணக்கில் மட்டும்
பதினொன்று.

காய்கறிச் சந்தை, மூன்று தெரு,
ஒரு கல்யாண மண்டபம், இரண்டு ஒர்க்‌ஷாப்,
எல்லாம் நனைந்து, வடிந்து,
கருக்கன்குளத்தில் போய் விழும்.
எங்களுக்கு மழைக்காலம் இரண்டு,
ஆனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று.
ஆகவே குளம் கெடுவதும் இரண்டு தடவை.

என் பங்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.
பதினாறு வருஷம்
பழைய இஞ்சின் ஆயிலைப் பலகை இடுக்கில் ஊற்றினேன்.
களக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.
கண்ணுக்கு மறைந்தது உலகத்திலேயே இல்லை என்று
யார் வேண்டுமானாலும் நம்பலாம்,
பஞ்சர்காரன் நம்பலாமா?
காணாத ஓட்டையைத்
தண்ணீரில் முக்கித் தேடிப் பிழைக்கிறவன்.

வார்டுக்குப் புதிதாக வந்த என்ஜினியர் சுகிர்தா
ஸ்கூட்டர் டியூபை நான் தொட்டியில் அமுக்குவதைக்
குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.
"குமிழி வாற இடம்தானே ஓட்டை?
குளத்துலயும் வருது அண்ணா,
ஓடை வாய்ல, கொத்துக் கொத்தா."
அழுகலின் மூச்சு அது.
பஞ்சருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.
எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த பங்குனியில் குளக்கரையில் வேலை தொடங்கியது.
முதலில் வண்டல் தங்க ஒரு குழி,
அதன் வாயில் கம்பி வலை,
அதைத் தாண்டினால் கோரையும் சம்பும் நட்ட சேற்றுத் திட்டு,
தண்ணீர் அதற்குள் நுழைந்து நுழைந்து
அவசரம் குறைந்து வெளிவரும்.
குழிக்குள் ஆள் இறங்கக் கூடாது என்று
எழுதிப் போட்டாள்.
எழுதினதோடு விடாமல் சங்கிலிக் கப்பியும் மாட்டினாள்.
மழை விட்ட அரைமணிக்குள் வலையைத் தூக்கணும்,
இல்லையென்றால் தெருவில் முழங்கால் வெள்ளம்.
கப்பி இழுக்கத் தெரிந்தவன் பக்கத்தில் நான்தான்.

வலையில் வருபவை:
மட்டிப்பழத் தோல், சிப்ஸ் உறை,
தோவாளையிலிருந்து வந்து விலை போகாத சாமந்தி,
இடது கால் செருப்புகள் (வலது எங்கே போகிறது
என்று ஏழு வருஷமாகத் தெரியவில்லை),
மணமகன் பெயர் மட்டும் கிழியாத தெர்மோகோல் பலகை,
ஒரு தடவை காது மெஷின்,
கழுவி வைத்திருக்கிறேன், யாரும் கேட்டு வரவில்லை.

முதல் வருஷம் ஒன்றும் மாறவில்லை.
நாற்றம் கொஞ்சம் குறைந்தது என்றேன்,
மூக்கு பழகிப்போச்சு என்றாள் என் மனைவி ரெஜினாள்.
இரண்டாம் வருஷம் கோரைக்குள் தவளைச் சத்தம்.
மூன்றாம் ஆவணியில்
நீலத் தாழைக்கோழி ஒன்று, சிவப்பு நெற்றியோடு,
வாடகை பேச வந்தவள் மாதிரி
இலைமேல் நடந்து நடந்து பார்த்தது.

அதற்குப் பிறகுதான் பையன்கள் வந்தார்கள்.
"அண்ணாச்சி, லாரி டியூப் இருக்கா?"
வெட்டிப் போட்ட டியூபெல்லாம் ஒட்டு வாங்கிக்கொண்டு
குளத்தில் இறங்கின.
ஞாயிற்றுக்கிழமை எட்டு டியூப், பதினெட்டுப் பிள்ளைகள்.
நீச்சல் தெரியாத ரெஜினாளும் ஒருநாள்
நைட்டிமேல் துண்டு போட்டு ஒன்றில் உட்கார்ந்து
கரைக்கும் எனக்கும் முதுகு காட்டி
அரைமணி நேரம் யாருக்கும் எதுவும் சமைக்காமல் மிதந்தாள்.

போன மாதம் நடந்தது:
ஆளில்லாத டியூப் ஒன்று நடுக்குளத்தில் கிடந்தது,
அதன் ஓட்டைக்குள் குபுக் என்று
முக்குளிப்பான் தலை.
நாலு பக்கமும் கறுப்புச் சுவர்.
எங்கே வந்தோம் என்று ஒரு கணம் திகைத்து
மறுபடி முங்கிவிட்டது.
குமிழி வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இது நல்ல குமிழி.

பெருமழை நாளில் இப்போதும் வலையை மீறிப் போகும்.
பழையாற்றுக்கு, மணக்குடிக்கு,
அப்புறம் கடலுக்கு. அங்கே கப்பி கிடையாது.

ஆயிலை இப்போது கேனில் பிடிக்கிறேன்.
மாதம் ஒரு வண்டி வந்து எடுத்துப் போகும்.
நேற்று கேட்டேன்,
இது எங்கே தம்பி போவுது?
ரசீது எழுதிக்கொண்டிருந்தவன்
பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான்.