அரக்கனுக்கு விட்ட கயிறு

குத்தாயிசி நகரம், நான்காம் மாடி.
மாவு கலந்த திராட்சைச் சாறு
தொபுக் தொபுக்கென்று கொதிக்கிறது.
லிஃப்ட் பழுதுபார்க்கும் விரல்களால்
அக்ரூட் கோக்கிறான் ஸாஸா.
ஊசி இரண்டு முறை குத்திவிட்டது.

ஆறு வயதில் கேட்ட கதை:
கோபுரத்துச் சிறுமி
இனிப்பில் கயிறு செய்து தொங்கவிடுவாள்;
ஏறிவரும் அரக்கன்
பாதியில் நின்று தின்னத் தொடங்குவான்
தான் தொங்கும் கயிற்றையே.
எல்லோரும் சிரித்த இடத்தில்
இவனுக்கு மட்டும் நாக்கு ஊறியது.

முக்கி எடுத்த சரங்கள்
பால்கனிக் கொடியில்
காலுறைகளுக்குப் பக்கத்தில் சொட்டுகின்றன.
மூன்றாவது
அறுந்தது.

கீழ்வீட்டு நானூலி.
தண்ணீர் ஒழுகிய சண்டைக்குப் பிறகு
இரண்டு வருடமாய்ப் பேச்சில்லை.
துடைப்பக்கட்டை கூரையை இடிக்குமென்று
காத்திருந்தான்.
காணோம்.

எட்டிப் பார்த்தால்,
நரைமுடியில் ஒட்டியதைப் பிய்த்து
மென்றுகொண்டே
அண்ணாந்து சொல்கிறாள்:
"மாவு அதிகம்."