வண்டியில் கன்று இருந்ததா

மூன்றாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே
ஒரிகானின் ஜனவரி மழை.
என் வேலை எளிது:
வேலையில் இறந்தவர்களை
எதனால், எங்கே, எந்தத் தொழிலில் என்று பார்த்து
எண்ணாக மாற்றுவது.
கூரையிலிருந்து விழுந்தவருக்கு ஓர் எண்.
அதே கூரை மேலே விழுந்தவருக்கு வேறு எண்.
நண்டுப் படகிலிருந்து அலை எடுத்துப்போனவர்,
மாட்டுப் பண்ணையின் சாணக்குழியில் மூச்சு நின்றவர்,
கடையடைக்கும் நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் சுடப்பட்டவர்,
எல்லோருக்கும் பட்டியலில் இடம் உண்டு.
கல்தூள் நுரையீரலில் பதினைந்து வருஷம் குடியிருந்து
நிதானமாகக் கொன்றால் மட்டும்
அவர் எங்களிடம் வரமாட்டார்.
எங்களிடம் வருகிறவர்கள் அவசரக்காரர்கள்.

பிறகு வகுக்க வேண்டும்.
லட்சம் பேருக்கு எத்தனை பேர்.
மரம் வெட்டுகிறவர்கள் லட்சம் பேர்
இந்த மாநிலத்தில் இல்லை.
இருப்பதாக வைத்துக்கொண்டு
இல்லாத அந்தக் கூட்டத்தில்
கொஞ்சம் பேரைச் சாகடிக்கிறோம்.
மீதியைத் தசமத்தில் கத்தரித்துவிடுவோம்.
வருவதற்கு ஈவு என்று பெயர்.
இரக்கத்துக்குத் தனிப் பத்தி கிடையாது.

மேலதிகாரி ஆர்லிஸ் கோடு போட்டுக் காட்டுவார்:
"ஆலைச் சாவு இறங்கிக்கொண்டே வருது பாருங்க."
இறங்கத்தான் செய்யும்.
ஆலைகளே மூடியாயிற்று.
ரம்பம் போன ஊரில் விரலெல்லாம் பத்திரம்.

பிப்ரவரியில் ஒரு தொலைபேசி.
ஹெர்மெலிந்தோ கால்மோ, வயது இருபத்தாறு.
குவாத்தமாலா மலையிலிருந்து வந்து
வெட்டிய காட்டில் மறுபடி கன்று நடுகிறவர்.
விடியுமுன், பனி உறைந்த வளைவில்
பதினொரு பேருடன் உருண்ட வேனிலிருந்து
பத்துப் பேர்தான் எழுந்தார்கள்.
அக்கா எவுலாலியா பேசுகிறாள்,
மாம் மொழி பாதி, ஸ்பானிஷ் பாதி,
நடுவில் மொழிபெயர்ப்பவரின் இருமல்:
"என் தம்பி உங்க கணக்கில இருக்கானா?"

வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியில் செத்தால்
அது வேலைச் சாவில் சேராது.
விதி அப்படி.
வழியில் முதலாளியின் கிடங்கில் வண்டி நின்று
கருவி எடுத்திருந்தால், கன்று ஏற்றியிருந்தால்,
வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.
மொழிபெயர்ப்பவர் இதை என்னிடம்
இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

சம்பளச் சீட்டில் வேலை தொடங்கும் நேரம் ஏழு.
வேன் உருண்டது ஐந்து நாற்பதுக்கு.
ஒப்பந்தக்காரருக்கு நினைவில்லை.
போலீஸ் அறிக்கை இரண்டு பக்கம்:
சறுக்கல், வேகம், தேய்ந்த டயர்.
கடைசி வரியில், யாரும் கேட்காமலே,
அந்தக் காவலர் எழுதியிருந்தார்:
"சாலை முழுக்க ஃபிர் மரக் கன்றுகள்.
ஒதுக்கித் தள்ள நாற்பது நிமிஷம்."

எழுந்து நின்றுவிட்டேன்.
பக்கத்து மேஜை டெவோரா நிமிர்ந்து பார்த்தாள்.
ஒருவன் சரியான இடத்தில் செத்திருக்கிறான் என்பதற்கு
இவ்வளவு சந்தோஷம் ஆகாது.
காபி எடுக்கப் போகிறவள் மாதிரி நடந்தேன்.

மறுநாள் எவுலாலியாவிடம் சொன்னேன்: இருக்கிறான்.
"மரத்தில எழுதினீங்களா, ரோட்டிலயா?"
தொழில் காடு. நிகழ்வு வாகனம்.
இரண்டிலும், என்றேன்.
"ரெண்டு ஆளாவா?"
இல்லை. ஒரே ஆள்தான்.
கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்:
கன்றுக் கணக்கில்தான் அவனுக்குக் கூலி,
நாளுக்கு ஆயிரம் நடுவான்,
அன்றைக்கு ஒன்றுகூட நடவில்லை என்று
அந்த நாளுக்குக் கூலி வரவில்லை.

ஆர்லிஸ் கோட்டை அழித்து வரைந்தார்.
காட்டில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றம்.
"மோசமான வருஷம். அடுத்த வருஷம் இறங்கிடும்."

மாலையில் அந்தக் காவலரைக் கூப்பிட்டேன்,
எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்விக்கு.
கன்றுகளை என்ன செய்தீர்கள்?
வண்டி இழுக்க வந்தவர் ஒரு மூட்டை கொண்டுபோனார்,
மற்றதெல்லாம் பள்ளத்தில்தான், என்றார்.
தள்ளும்போது
வேர் இன்னும் ஈரமாக இருந்ததாம்.