ஆறாவது அலை

லியபாயாவில் டிராமுக்கு ஒரே தடம்தான்.
வடக்கே உருக்காலை வாசலில் ஏறினால்
தெற்கே கல்லறையைத் தாண்டி இறங்கலாம்.
ஒருநாள் அதை நடுவழியில் நிறுத்தி
உள்ளே இருப்பவர்களை வயதுவாரியாக எண்ணுவது
ரெனார்ஸின் வேலை.
ஒருத்தி ஏறியதிலிருந்து இறங்கும்வரை
எதிர் இருக்கையில் உட்கார்ந்திருப்பது என்னுடையது.

சனிக்கிழமை ரீகாவிலிருந்து வந்தான்.
விளையாட்டரங்கில் மூன்று வரிசை:
இருபத்திரண்டு, நாற்பத்திரண்டு, அறுபத்திரண்டு.
பதினைந்து சொற்களைப் படித்துக் காட்டி
இருபது நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டான்.
இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது.
கூடைப்பந்துக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு
மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான்:
இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு கோடு.
"பாருங்கள் வெல்கா, வயது ஏற ஏற நினைவு சரிகிறது."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். சரி.
இது மூன்று பானை, தம்பி.
மூன்றாவது கொதித்த அடுப்பு வேறு, விறகு வேறு,
அன்றைக்கு இந்த நாட்டுக்குப் பெயரே வேறு.
தெருவை விட்டு நகராமலே நாடு மாறியவர்கள் அவர்கள்;
கணக்கை ஒரு மொழியிலும்
கோபத்தை இன்னொன்றிலும் கற்றவர்கள்.
உன் கோடு சரிவது வயதாலா,
அறுபத்தொன்றில் பிறந்ததாலா?

கேட்டுவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.
என் கோடு சரியவே இல்லை.

எண்பத்து மூன்றில் அறுநூற்று நாற்பது பேர்.
எட்டு வருடத்துக்கு ஓர் அலை.
இரண்டாம் அலைக்கு
ரொட்டி வரிசையில் இடம்போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.
நான்காம் அலைக்குமுன்
அயர்லாந்தின் காளான் பண்ணைகள்
எழுபது பேரை எடுத்துக்கொண்டன.
இல்க்வர்ஸைக் கடல்.
0388-ஐச் சாராயம்.
0105 கதவைப் பாதி திறந்து
"நான் நன்றாக இல்லை, அதை எழுதிக்கொள்" என்று
மூடிக்கொண்டார்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
'தொடர்பு இல்லை' என்று எழுதினேன்.

மிஞ்சியது நூற்று எண்பத்தேழு.
சரியக்கூடியவர்கள் வரவில்லை.
வந்தவர்கள் சரியவில்லை.
இதைத்தான் இத்தனை வருடம்
'நிலைத்த நினைவாற்றல்' என்று அச்சடித்தேன்.

நேற்று 0212.
லிகிதா, இல்க்வர்ஸின் மனைவி.
பட்டியலை எடுப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டாள்.
"படிக்க வேண்டாம்."
படகு, சாவி, கம்பளி, வினிகர் என்று தொடங்கி
பதினைந்தும், வரிசை பிசகாமல்.
மகள் பிறக்கையில் வலிக்கு நடுவே சொன்னாளாம்.
கணவனின் உடல் கரைக்கு வரும்வரை
அலைதடுப்புச் சுவரில் நின்று
மூன்று நாள் சொன்னாளாம்.
"வேறு எந்த ஜெபமும் முழுசாகத் தெரியாது."

இதற்குப் பாடநூலில் பெயர் உண்டு:
பயிற்சி விளைவு.
மதிப்பெண்ணைக் கழித்துவிடலாம்.
கழிக்கவில்லை.
சேர்க்கவும் துணிவில்லை.
பென்சிலால் மெல்லப் போட்டேன், 15.

"ஏழாவதுக்கு வருவாயா?"
அப்போது எனக்கு எழுபத்திரண்டு, வேலையில் இருக்க மாட்டேன் என்றேன்.
"அப்படியானால் இப்போதே நீ சொல்."
படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆயிரம் முறைக்குமேல் வாசித்தவள் நான்.
ஒரு முறைகூட என்னை யாரும் கேட்டதில்லை.
படகு. சாவி. கம்பளி.
பதினான்கு வந்தது.
ஜன்னலுக்கு வெளியே டிராம் போனது,
திரும்பியும் வந்தது.

முதல் எழுத்தையாவது சொல்லேன், லிகிதா.

"குறிப்புத் தரக் கூடாது.
நீதான் சொன்னாய், எண்பத்து மூன்றில்."

என் பென்சிலை வாங்கி
என்னைவிட அழுத்தமாகப் போட்டாள், 14.